அவள் ஏன் அழவில்லை என்று கேட்பவர்களுக்கு

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதி வருஷக்கணக்காகிவிட்டது. எங்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்து லயத்தை விட்டு வந்தவர்கள் பலர் இந்தத் தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறோம். ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம் கேட்கும்: டிவியில் யாரோ யாரையோ விசாரித்துக்கொண்டிருப்பார்கள். முன்பு மாமியார் மருமகள் சண்டை ஓடிய நேரத்தில் இப்போது கொலை, கடத்தல், துப்பறிதல். பெரியவர்களுக்கு ஆஸ்ட்ரோ, பிள்ளைகளுக்குக் கைப்பேசி.

அப்படி ஒரு தொடரை அண்ணி வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் காவல் நிலையத்தில் தனக்கு நடந்ததைச் சொல்கிறாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முறுக்கு மாவைப் பிசைந்தபடியே அண்ணி, "பாத்தியாம்மா, கடையில சாமான் வாங்குன கணக்குச் சொல்ற மாதிரி சொல்றா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பொய்தான் சொல்றா, நீ வேணாப் பாரு" என்றார். அடுத்த வாரம் அந்தப் பெண் பொய் சொன்னதாகத்தான் கதையும் போனது. அண்ணி சொன்னதே சரியாகிவிட்டது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணி மேல் கோபமில்லை. அவரை அப்படிச் சொல்லப் பழக்கியவர்கள் மேல்தான் கோபம். அழாதவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு கதை சொல்லி, கடைசியில் அதுவே சரி என்று காட்டியும் விட்டால், அந்தப் பாடம் தொடரோடு முடிவதில்லை. கோயில் சமையலுக்கு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது, பேப்பரில் வந்த ஏதோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வருகிறது. "இத்தன நாளா ஏன் வாயத் தொறக்கலையாம்?" "அன்னிக்கி ராத்திரியே கல்யாண வீட்டுல சிரிச்சிகிட்டு நின்னாளாமே?" இதையெல்லாம் எங்கள் அம்மா காலத்துப் பெண்களும் சொன்னார்கள்தான். இப்போது கூடவே, விசாரணையே நடத்தி முடித்தவர்களின் தோரணையும் வந்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாராக இருந்தாலும் எங்களை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அவசரப் பிரிவில் போனது. அந்தப் பிரிவை ஒட்டி ஓர் அறை இருக்கும், ஓ.எஸ்.சி.சி. என்று, அதாவது ஒன் ஸ்டாப் க்ரைசிஸ் சென்டர். பாலியல் வன்முறைக்கும் வீட்டு அடிதடிக்கும் ஆளானவர்களை வரிசையில் நிற்க வைக்காமல் நேரே உள்ளே கூட்டிப்போவதற்கான இடம். டாக்டர், நர்ஸ், சமூகநல அதிகாரி, தேவைப்பட்டால் போலீஸ், எல்லாரும் அவளைத் தேடி அங்கே வர வேண்டும் என்பது ஏற்பாடு. 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளுக்குப் பரவிய முறை இது. எந்த மருத்துவமனையில் இருந்தேன் என்று எழுதப்போவதில்லை. அங்கே வந்த யாருடைய கதையும் இதில் இல்லை. பலரிடம் திரும்பத் திரும்பப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலும் அவர்கள் அழுதுகொண்டு வரவில்லை. கிழிந்த உடையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து விழவில்லை. கையில் ஐ.சி. அடையாள அட்டை வைத்திருப்பார்கள், முதலில் அதை நீட்டுவார்கள். "மிஸ்ஸி, சாயங்காலம் ஃபேக்டரி பஸ் வந்துரும், அதுக்குள்ள முடிஞ்சிருமா?" என்று கேட்பார்கள். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற கவலை ஒருத்திக்கு. போர்த்தக் கொடுத்த போர்வையை நான்காக மடித்து, ஓரம் சேர்த்து, மறுபடி பிரித்து மறுபடி மடிப்பாள் இன்னொருத்தி. சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வெளியே போன இளம் டாக்டர்கள் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "நிஜமாத்தானா?" என்று கேட்டதுண்டு. குழந்தைகளோ காலை ஆட்டிக்கொண்டு மைலோ கேட்பார்கள். பெரும் அழுகை வந்தால், அது பெரும்பாலும் வேறெதற்கோ வரும். ஊசி போடும்போது வரும். அம்மாவுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டால் வரும்.

இதை என் அனுபவம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆன் பர்ஜஸ் என்ற மனநல நர்ஸும் லிண்டா ஹோம்ஸ்ட்ரோம் என்ற சமூகவியல் ஆய்வாளரும் ஒரு வேலை செய்தார்கள். பலாத்காரத்துக்கு ஆளானவர் யார் அவசரப் பிரிவுக்கு வந்தாலும், எந்த நேரமானாலும், மருத்துவமனை அவர்களுக்குப் போன் பண்ணும், அவர்கள் கிளம்பி வந்து கூட உட்காருவார்கள். ஓராண்டில் 146 பேர். அதில் 92 பேர் வயது வந்த பெண்கள். 1974ல் எழுதி வெளியிட்டார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அழுகையும் நடுக்கமுமாக இருந்தார்கள், மறுபாதி முகத்தில் ஒன்றுமே காட்டாமல் அமைதியாக இருந்தார்கள். இரண்டும் ஒரே அதிர்ச்சியின் இரண்டு முகம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோயை, பி.டி.எஸ்.டி. என்பதை, சேர்த்தது 1980ல்தான். அதற்கு ஆறு வருஷம் முன்பே ஒரு நர்ஸ் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துவிட்டார்.

அந்த பர்ஜஸ்தான் பிறகு அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஆட்களோடு சேர்ந்து, சிறையிலிருந்த கொலைகாரர்களிடம் எடுத்த பேட்டிகளை ஒழுங்கான ஆய்வாக மாற்ற உதவியவர். அந்தப் பேட்டிகளைக் கதையாக்கிய மைண்ட்ஹண்டர் என்ற அமெரிக்கத் தொடரில் வரும் பெண் ஆய்வாளர் பாத்திரம் அவரைப் பார்த்து உருவானது. தொடரில் அவர் உளவியல் பேராசிரியை. நர்ஸைக் காணோம். பாதிக்கப்பட்டவர்களோடு இரவெல்லாம் விழித்திருந்த அந்த வருஷங்களையும் காணோம். கொலைகாரன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். இந்த மாதிரித் தொடர்கள் எல்லாவற்றிலும் எனக்குள்ள முதல் வருத்தம் இதுதான். கொன்றவனின் பால்யம், அவனுடைய காயம், அவன் பிடித்த ஈ, அவன் அம்மா, எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. உயிர் பிழைத்தவளுக்கு ஒரே ஒரு காட்சி. அவள் சொல்ல வேண்டிய தகவலைச் சொன்னதும் ஆம்புலன்ஸ் கதவு சாத்திக்கொள்கிறது.

அவள் ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிட்டு ஓடவில்லை என்ற கேள்வியும் அப்படித்தான். படத்தில் கட்டாயம் கத்துவாள், நகத்தால் பிறாண்டுவாள், பக்கத்தில் பூச்சாடி இருக்கும். நிஜத்தில் உடம்பு பல பேருக்குக் கல்லாகிப் போகிறது. ஸ்டாக்ஹோம் நகரில் பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கான சிகிச்சை நிலையத்துக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017ல் வெளியிட்ட ஆய்வில், 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் கை கால் அசைக்க முடியாமல் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோனதாகச் சொன்னார்கள். 48 விழுக்காட்டினருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அப்படி உறைந்தவர்களுக்குத்தான் பிற்பாடு மன அழுத்தமும் பேரதிர்ச்சி நோயும் கூடுதலாக வந்தன. யோசித்துப் பாருங்கள். "நான் ஏன் சும்மா கெடந்தேன்?" என்று அவள் தன்னையே கேட்டுத் தேய்ந்துகொண்டிருக்கும்போது, நாமும் அதே கேள்வியோடு போய் வாசலில் நிற்கிறோம்.

ஞாபகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடரில் கண்ணை மூடினால் போதும், நடந்தது முழுக்க வரிசையாக, நல்ல வெளிச்சத்தில், பின்னணி இசையோடு ஓடும். மனநல நிபுணர் ஒருவர் சங்கிலியை ஆட்டித் தூங்க வைத்தால் வண்டி நம்பர்கூட வந்துவிடும். நான் பார்த்தவர்களுக்கு அவன் கைக்கடிகாரம் ஞாபகம் இருக்கும், மணி ஞாபகம் இருக்காது. சோப்பு வாசனை இருக்கும், சட்டை நிறம் இருக்காது. முதல் தடவை சொன்னதில் இல்லாத ஒன்று மூன்றாம் தடவை வரும். பயந்த மூளை அப்படித்தான் பிடித்து வைக்கிறது, துண்டு துண்டாக. முன்னுக்குப் பின் வருவதைப் பொய்யின் அடையாளமாகப் படத்தில் காட்டிக் காட்டி, பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிப்போர்ட் எழுத உட்காரும் பெண்ணே, "நான் மாத்திச் சொல்லிட்டேனே, என்னைய உள்ள வச்சிருவாங்களா?" என்று நடுங்குகிறாள்.

அவள் பயத்துக்கு ஆதாரமில்லாமல் இல்லை. 2008ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லின்வுட் என்ற ஊரில் 18 வயதுப் பெண் ஒருத்தி, வீடு புகுந்து ஒருவன் தன்னைக் கட்டிப்போட்டுப் பலாத்காரம் செய்ததாகச் சொன்னாள். அவளை முன்பு வளர்த்த தாய்மார்களே அவள் உணர்ச்சியில்லாமல் சொன்ன விதத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். ஒருவருக்கு, டிவி குற்றத் தொடர் ஒன்றின் கதையைச் சொல்வதுபோல் தோன்றியதாம். அந்தச் சந்தேகம் போலீஸ் காதுக்குப் போனது. சொன்னதில் சின்னச் சின்ன முரண்களைப் பிடித்து நெருக்கினார்கள். அவள் தளர்ந்து, "பொய் சொன்னேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பொய்ப் புகார் என்று அவள் மேலேயே வழக்குப் போட்டு, 500 டாலர் கட்டச் சொன்னார்கள். 2011ல் கொலராடோ மாநிலத்தில் ஒருவன் பிடிபட்டபோது அவன் எடுத்து வைத்திருந்த படங்களில் அவளும் இருந்தாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் நடந்தது. இடைப்பட்ட வருஷங்களில் அவன் வேறு பெண்கள் வீட்டுக்குள் புகுந்திருந்தான்.

இதை அன்பிலீவபிள் என்று 2019ல் தொடராக எடுத்தார்கள். அதைத்தான் பிறகு அண்ணிக்குப் போட்டுக் காட்டினேன். தொடர் நடித்துக் காட்டியதைவிட, அந்த வழக்கில் நிஜமாக நடந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொலராடோவில் ஸ்டேசி கால்ப்ரெய்த் என்ற துப்பறிவாளர், பாதிக்கப்பட்ட பெண்ணைக் குளிரில் நிற்கவிடாமல் தன் காருக்குள் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெண்ணும் அமைதியாகத்தான் இருந்தாள். அவர் அந்த அமைதியை எடைபோடவில்லை. முதலில் கேட்டுக்கொள், பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார் என்பது அவர் வழி. பக்கத்து ஊரில் எட்னா ஹெண்டர்ஷாட் என்ற இன்னொரு துப்பறிவாளரிடம் அதே மாதிரி வழக்கு இருப்பது தெரிந்ததும் இருவரும் கோப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். யாரையும் அறையவில்லை.

அறை என்றதும் நம் படங்களுக்கு வருகிறேன். நேர்மையான போலீஸ் என்றால் அடிக்க வேண்டும் என்று நம்மை நம்ப வைத்தாகிவிட்டது. சட்டப்படி போகிறவர் கையாலாகாதவர். ஹீரோ சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு லாக்கப்புக்குள் போவார், கதவு மூடும், தியேட்டரில் விசில் பறக்கும். சந்தேகப்பட்டவனின் கண்ணைப் பார்த்தே அவன்தான் குற்றவாளி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமையை ஆராய்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2006ல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி 54 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சற்று மேலே. அந்தக் கண்பார்வையை நம்பித்தான் படத்தில் ஒருவனை உதைக்கிறார்கள்.

மலேசியாவில் நம் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்தக் காட்சிக்கு எப்படிக் கைதட்டுகிறோம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. 2009 ஜனவரியில் ஏ. குகன் என்ற இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அவர் உடம்பிலிருந்த காயங்களின் படங்களை நம்மில் பார்க்காதவர் குறைவு. 2013ல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2005லேயே சொல்லியிருந்தது. அதற்காக இப்போதுள்ள ஐ.பி.சி.சி. என்ற அமைப்பு வேலை தொடங்கியது 2023 ஜூலையில். அதற்கும் அந்த அரச ஆணையம் கேட்ட அளவு அதிகாரம் இல்லை. படத்தில் ஹீரோவின் கை. நம் வீட்டில் அந்தக் கைக்கு அடியில் கிடப்பது யார் மகன்?

அடித்தால் உண்மை வரும் என்பதும் பொய். வலி நின்றால் போதும் என்று எதையும் சொல்வார்கள். பிரிட்டனில் வாங்கப்பட்ட பொய் வாக்குமூலங்களால் அப்பாவிகள் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தது வெளிவந்த பிறகுதான், 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் போலீஸ் விசாரணை முறையையே மாற்றியது. ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கமில்லை, தகவல் சேகரிப்பதுதான் நோக்கம் என்று பயிற்சி கொடுத்தார்கள். பீஸ் என்று அந்த முறைக்குப் பெயர்.

நல்ல போலீஸ் வேலையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைப் படமெடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று டைரக்டர்கள் நினைக்கக்கூடும். பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் டி 11 பிரிவிலிருந்து ஒரு பெண் சார்ஜன் வருவார். சீருடையில் வரமாட்டார், சாதாரண பாஜு குரோங்தான். நாற்காலியைப் பிள்ளையின் நாற்காலியைவிடத் தாழ்வாகப் பார்த்துப் போட்டுக்கொள்வார். "அவன் இங்க தொட்டானா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் பதிலை நாமே பிள்ளை வாயில் வைத்த மாதிரி ஆகிவிடும், பிறகு கோர்ட்டில் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். "லெப்பாஸ் இத்து?" என்பார். அப்புறம்? அவ்வளவுதான். பிள்ளை பூனையைப் பற்றிப் பேசினால் பூனையைப் பற்றிக் கேட்பார். பேச்சு நின்றால் அவரும் பேசாமல் இருப்பார். ஒருமுறை பிள்ளை நடுவில் தூங்கிவிட்டது. எழுப்பவில்லை, காத்திருந்தார். தமிழில் கேட்க வேண்டியிருந்தால் என்னை அழைப்பார், நான் ஒரு வார்த்தை கூட்டினாலும் குறைத்தாலும் கையை உயர்த்தி நிறுத்துவார். அந்த அம்மாவைப் போல ஒருத்தரை ஒரு தொடரிலாவது காட்டியிருந்தால், மகளைக் கூட்டிக்கொண்டு பாலாய்ப் படியேற எத்தனை தாய்களுக்குத் தைரியம் வந்திருக்கும்!

கோர்ட் காட்சியும் அப்படித்தான். குழந்தையைக் கூண்டில் ஏற்றி, எதிரில் அவனை நிறுத்தி, "இவர்தானா?" என்று கத்துவார்கள். நம் நாட்டில் 2007ல் வந்த குழந்தைச் சாட்சிகள் சட்டம், திரைக்குப் பின்னாலிருந்தோ, வேறு அறையிலிருந்து நேரலையாகவோ, முன்பே எடுத்த காணொளி மூலமோ பிள்ளை சாட்சி சொல்ல வழி செய்திருக்கிறது. 2017ல் வந்த குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வேறு ஆதாரம் துணைக்கு இல்லாவிட்டாலும் பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்கிறது. இதெல்லாம் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து நாட்டுத் தொடரில் வந்த கூண்டைப் பார்த்துவிட்டு, "வேணாம்மா, பிள்ளையக் கோர்ட்டுல நிறுத்தி அசிங்கப்படுத்துவாங்க" என்று புகாரைத் திரும்ப வாங்க நினைத்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மனநோயாளியைக் கொலைகாரனாக்கும் பழக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். தஞ்சோங் ரம்புத்தானில் 1911ல் திறந்த மனநல மருத்துவமனையின் பெயரைக் கேலிப்பேச்சாகவே இன்னும் வைத்திருக்கிறோம். மனச்சிதைவு உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதுதான் அதிகம். ஒவ்வொரு சைக்கோ கொலைகாரன் படத்துக்குப் பிறகும், தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகும் பையன் மேல் கல் விழுகிறது. அவன் அம்மா மருந்து வாங்க கிளினிக்குக்கு வருவதைக்கூட மறைக்க ஆரம்பிக்கிறாள்.

நல்லதும் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1999ல் தொடங்கி இன்றும் ஓடும் ஒரு தொடர் லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யு. பாலியல் குற்றங்களை விசாரிப்பதுதான் கதை. அதில் துப்பறிவாளராக நடிக்கும் மரிஸ்கா ஹார்கிட்டேவுக்கு, பாதிக்கப்பட்ட பெண்கள் தங்களுக்கு நடந்ததைக் கடிதங்களாக எழுதி அனுப்பினார்கள். நடிகைதான் என்று தெரிந்தும் எழுதினார்கள். கேட்பதற்கு ஒரு முகம் கிடைத்ததே என்றுதானே? அவர் 2004ல் அப்படிப்பட்டவர்களுக்கு உதவ ஓர் அறநிறுவனம் தொடங்கினார். ஒரு தொடரால் இவ்வளவு முடியும் என்றால், நம் தமிழ்த் தொடர் எடுப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எழுத உட்காரும் முன் ஓர் அவசரப் பிரிவு நர்ஸிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். எங்கள் நாட்டிலேயே இத்தனை ஓய்வு பெற்ற மிஸ்ஸிகள் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

அண்ணி லின்வுட் பெண்ணின் கதையை முழுக்கப் பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, நம்ம வீட்டுப் பிள்ள எதாச்சும் இப்பிடி வந்து சொன்னா நான் என்னா செய்யணும்? அதச் சொல்லு" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஏன், எதற்கு, எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டாம். சொல்லும்வரை கேளுங்கள், "நான் நம்புறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிக்கச் சொல்லாதீர்கள். போட்டிருந்த உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கிக் கெட்டுப்போகும். ஆனால் குளித்துவிட்டாள், துவைத்துவிட்டாள் என்றாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்து ஓ.எஸ்.சி.சி. என்று சொன்னால் போதும், என்ன நடந்தது என்று கவுண்டரில் விளக்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிகிச்சைக்குக் கையில் போலீஸ் ரிப்போர்ட் இருக்க வேண்டும் என்பதில்லை, ரிப்போர்ட்டை அங்கிருந்தபடியே போடலாம். பிள்ளையாக இருந்தால் டாக்டர் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். போக வண்டி இல்லை, கூட வர ஆளில்லை, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசிக்கு அடியுங்கள், 15999. ராத்திரியிலும் எடுப்பார்கள்.